தோல் ஷாப்பும் டார்க் ரூமும்

தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குக் குரோம்பேட்டை தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். குரோம் லெதர் கம்பெனி. 1912ல் ஜி.ஏ.சேம்பர்ஸ் ஆரம்பித்த தோல் தொழிற்சாலை. கம்பெனி பெயரில் பாதி, கூடவே ஒரு பேட்டை. ஊர் ரெடி!

சரி, இன்னொரு கேள்வி. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் ரோட்டில் பம்மல் தாண்டினால் அனகாபுத்தூர். நெசவுக்குப் பேர் போன ஊர். 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அங்கே யாரோ ஒருவர் வீட்டு பீரோவில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் வைத்துக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நெகட்டிவுக்கும் குரோம்பேட்டையின் குரோமுக்கும் என்ன சம்பந்தம்?

கிட்டத்தட்ட பங்காளி உறவு. எப்படி என்று பார்ப்போம்.

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் ஒரு பூச்சு. பூச்சில் வெள்ளி உப்பு, கண்ணுக்குத் தெரியாத பொடியாக. வெளிச்சம் பட்டால் மாறுகிற சரக்கு அதுதான். அந்தப் பொடியைப் பட்டையோடு பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாத்திரை கேப்சூலின் கூடு இருக்கிறதே, அதே ஜெலட்டின். மாட்டுத் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுக்கிற பசை.

ஜெலட்டினைப் போட்டோவுக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர். வருஷம் 1871. அதற்கு முன்னால் கண்ணாடியில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். போட்டோகிராபர் எங்கே போனாலும் பின்னாலேயே கூடாரமும் பாட்டில்களும் போகும். ஜெலட்டின் வந்த பிறகுதான் இன்றைக்கு எடுத்ததை அடுத்த மாதம் கழுவலாம் என்று ஆயிற்று. எடுப்பவன் ஒருவன், கழுவுபவன் ஒருவன் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் நானே செய்வேன் என்று கிளம்பியவர்கள்தான் வீட்டு டார்க் ரூம் ஆசாமிகள்.

இதில் மாட்டின் பங்கு தோலோடு முடியவில்லை. ஒரு லாட் ஜெலட்டினில் பிலிம் பிரமாதமாக வேலை செய்கிறது, அடுத்த லாட்டில் மந்தமாக இருக்கிறது. ஏன்? கோடாக் கம்பெனியின் சாமுவேல் ஷெப்பர்ட் 1925ல் விடை சொன்னார். கடுகு! கடுகு இனச் செடிகளில் இருக்கும் கந்தகச் சமாசாரம், மேய்ந்த மாட்டின் வழியாகத் துளியூண்டு ஜெலட்டினுக்கு வந்து, வெள்ளி உப்புக்குக் கூர்மை கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்து சினிமா நட்சத்திரங்கள் எல்லோரும் கடுகு தின்ற மாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

ஆனால் ஜெலட்டினுக்கு ஒரு பலவீனம். சூடு ஆகாது. தண்ணீரில் ஊறும், வெந்நீரில் உருகும். பிலிம் கழுவ 20 டிகிரி செல்சியஸ் என்று பாடப்புத்தகம் சொல்லும். மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? டெவலப்பர் அவசர அவசரமாக வேலை செய்து படத்தைக் கறுப்பாக்கும். பூச்சு ஊதிப்போய், விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வரும். ஒரு குளியல் குளிர்ச்சியாகவும் அடுத்தது சூடாகவும் இருந்தால், வறண்ட ஏரி மண் மாதிரிப் படம் முழுக்கப் பாளம் பாளமாக வெடிக்கும். அப்புறம் அந்த நெகட்டிவில் அத்தை எது, அண்ணன் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நம்ம ஊர்ப் பக்கம் கழுவுவது என்பது ராத்திரி வேலை. காற்று கொஞ்சம் ஆறியிருக்கும், பாத்ரூமும் காலியாக இருக்கும். கதவிடுக்கில் பழைய துணி. சினிமாவில் காட்டுகிற சிவப்பு விளக்கெல்லாம் பிரிண்ட் போடத்தான். பிலிமை டேங்குக்குள் சுற்றி மூடும்வரை கும்மிருட்டு, கை மட்டும்தான் கண். டெவலப்பரைக் கடையில் வாங்கலாம், நாமே கலக்கலாம். உலகம் பூராவும் பேர் போன டி-76 சூத்திரத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். கடைசியாகச் சொன்னது வேறெதுவும் இல்லை, வெண்காரம். கலந்த பாட்டிலை வாளியில் நிறுத்தி, சுற்றிலும் ஐஸ். ஐஸ் டெவலப்பருக்குள் விழுந்துவிடக் கூடாது, நீர்த்துவிடும்.

ஐஸ் போட்டும் அடங்காத சூட்டுக்குத்தான் குரோம் வருகிறது.

சலூனில் முகத்தில் தேய்க்கிற படிகாரம் தெரியும் அல்லவா? அதில் இருப்பது அலுமினியம். அந்த இடத்தில் குரோமியம் உட்கார்ந்தால் குரோம் படிகாரம். கத்தரிப்பூ நிறத்துக் கட்டி. லிட்டருக்கு 30 கிராம் இதையும் 60 கிராம் சோடியம் சல்ஃபேட்டையும் கரைத்து, டெவலப்பரிலிருந்து எடுத்த பிலிமை மூன்று நிமிஷம் முக்கினால் போதும். உருகத் தயாராக இருந்த ஜெலட்டின் இறுகிவிடும். கரைசல் மஞ்சள் கலந்த பச்சையாக மாறினால் சக்தி தீர்ந்தது, கொட்டிவிட வேண்டியதுதான். வெயில் நாட்டுக்காரர்களுக்கென்றே கோடாக் கொடுத்த சூத்திரம் இது.

இப்போது குரோம்பேட்டைக்கு வாருங்கள். தோல் ஷாப்பில் நடப்பது என்ன? அதேதான்! தோலின் நாரும் ஜெலட்டினும் ஒரே வம்சம். நாரைக் காய்ச்சினால் ஜெலட்டின். குரோமிய உப்பு அந்த நார்களைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் கொதிநீரில் சுருங்கும். குரோமில் பதனிட்டது தாங்கும். தோல் ஷாப்பில் மாட்டுத் தோலுக்குச் செய்த வைத்தியத்தைத்தான் பாத்ரூமில் பிலிமுக்குச் செய்தார்கள்.

இன்னொரு பொருத்தம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியை 1850ல் ஓவியப் பள்ளியாக ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். 1857ல் சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானதற்கும் அவர்தான் காரணம். பின்னால் அதே பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903ல் குரோம் பதனிடும் சோதனைகளை அங்கே தொடங்கினார். போட்டோ, குரோம் இரண்டுக்கும் சென்னையில் ஒரே கூரை!

பிலிம் எங்கிருந்து வந்தது? இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. 1960ல் மத்திய அரசு ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. பிரெஞ்சு கம்பெனி பௌஷேயின் தொழில்நுட்பத்தில் 1967ல் உற்பத்தி ஆரம்பம். குளிரும் தூசியில்லாத காற்றும் ஊட்டியில் இலவசம். பிலிம், பிரிண்ட் போடுகிற பேப்பர், எக்ஸ்ரே பிலிம் என்று எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் வந்தன. இந்து என்றால் நிலா. வெள்ளியில் படம் பிடிக்கிற சரக்குக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஆக்ஃபா கிளிக் III மாதிரி பெட்டிக் கேமராவில் 120 ரோல் போட்டால் 12 படம். ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பெரிய நெகட்டிவ். இதனால் ஒரு பெரிய செலவு மிச்சம், என்லார்ஜர் வேண்டாம். பேப்பர்மேல் நெகட்டிவை வைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி, சில விநாடி பல்பைப் போட்டு அணைத்தால் ஆல்பத்தில் ஒட்டுகிற அளவுக்குப் படம் தயார். சம்பளக்காரன் கணக்கிலும் இந்த ஆசைக்கு இடம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

கடைசியில் தண்ணீர். ஹைப்போவில் போட்ட பிலிமை நன்றாக அலசாவிட்டால் படம் பழுத்துப்போகும். புத்தகத்தில் அரைமணி நேரம் ஓடுகிற தண்ணீர் என்று போட்டிருக்கும். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற புறநகரில் ஓடுகிற தண்ணீரா? இல்ஃபோர்டு கம்பெனி ஒரு குறுக்குவழி சொன்னது. டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது. அவ்வளவுதான். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும்.

இங்கேதான் குரோமின் இன்னொரு முகம். பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வட்டாரத்துத் தோல் ஷாப் கழிவு பல வருஷம் மண்ணில் இறங்கி, கிணறுகளைக் கெடுத்தது. உப்பு ஏறியது, குரோமியமும் ஏறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1990களில்தான். பிலிமைக் காப்பாற்றிய அதே சரக்கு, அதை அலச வேண்டிய தண்ணீரைக் கெடுத்தது. பிலிம் போகட்டும். குடித்தவர்கள் மனுஷர்கள்.

வீட்டு டார்க் ரூமுக்குப் பூட்டுப் போட்டது கலர். 1972ல் வந்த சி-41 முறைக்குச் சூடு பிரச்னையே இல்லை, அது கேட்பதே 37.8 டிகிரி! நம்ம ஊர் வெயிலுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நிறம் மாறிவிடும். வாளியும் ஐஸும் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடிப்பது? மெஷின் வைத்த கலர் லேப் வந்தது, வீட்டில் கழுவுவது போனது. ஊட்டி கம்பெனி 1996ல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. 2014ல் மத்திய அமைச்சரவை மூடவே முடிவு செய்தது. கோடாக்கே 2012ல் திவால் மனு போட்டபோது, இந்து எம்மாத்திரம்?

கதை அத்தோடு முடியவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி அனகாபுத்தூருக்குள் புகுந்தது. அந்தக் கரையோரம் முழுக்க எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் சேற்றில் ஊறின. அவசரத்தில் பலரும் செய்கிற காரியம், ஆல்பத்தை அப்படியே வெயிலில் வைப்பது. ஊறிய ஜெலட்டின் பசை மாதிரி. ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. செய்ய வேண்டியது நேர் எதிர். காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகப் பிரித்து, படம் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளைக்குள் செய்தால் கணிசமாகத் தப்பும். படிகாரக் குளியல் கண்ட நெகட்டிவ் என்றால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வெள்ளம் வராத வீட்டிலும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிமின் பிளாஸ்டிக்கே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் சேர்ந்தால் இது வேகமாக நடக்கும், சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அந்தச் சுருளைத் தனியே பிரித்து உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். மற்றவற்றை பிளாஸ்டிக் உறையிலிருந்து காகித உறைக்கு மாற்றி, பரணிலிருந்து இறக்கிக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது. வீட்டு நெகட்டிவைத் தேடி அப்படி யாரும் வரப்போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

பழைய பிலிமை எடைக்குக் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அதிலிருக்கும் துளி வெள்ளி. தாத்தாவும் பாட்டியும் அந்த வெள்ளியில்தான் இருக்கிறார்கள். விலை படிந்தாலும் கொடுத்துவிடாதீர்கள்.