ஒரே பேரேடு: வீடும் கல்யாணமும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்ற பழமொழி இரண்டு தனித்தனிக் காரியங்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். தென்காசிப் பக்கத்து நடுத்தர வர்க்க இளைஞர்களுக்கு வீடு வாய்த்த வரலாற்றைப் பார்த்தால், இரண்டும் ஒரே பேரேட்டில் எழுதப்படுபவை என்பது விளங்கும்.

2011இல் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சென்னைக்குப் போகாமலேயே மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தலைமுறை இங்கே உருவாகியிருக்கிறது. குற்றாலம் சாலையில் போகிறவர் கண்ணில் மனைக்கற்கள் படாமலிருக்காது. முப்பது வயதில் வீடு கட்டியவரைக் கேட்டால், 'லோன் போட்டுக் கட்டினது, எல்லாம் என் சம்பாத்தியம்' என்பார். இந்தச் சொல்லாடலைத்தான் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில், கடன். 1977இல் ஹெச்.டி.எஃப்.சி., 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி என்று இதற்கான நிறுவனங்கள் எழுந்தன. பழைய வருமானவரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டிக்குக் கழிவு உண்டு. ஆக, 'சொந்தச் சம்பாத்தியத்தில்' அரசின் பங்கும் இருக்கிறது. ஆனால் வங்கி முழுப்பணத்தையும் தருவதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. மீதிக்கு என்ன செய்ய?

அப்பா வயலை விற்கிறார். மனைவி போட்டுவந்த நகை அடகுக்குப் போகிறது. பீடித் தொழிலாளருக்கு 1977இல் வருங்கால வைப்புநிதி வந்தது. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த அந்தப் பணமும் அஸ்திவாரத்துக்குள் போகிறது.

விற்பதற்கு வயல் யாரிடம் இருந்தது? தாம் குடியிருந்த குடிசையின் அடிமண்கூட நிலக்காரருடையதாக இருந்த விவசாயக் கூலிகளுக்கு, அதைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அவர்களுடைய பேரனும் இன்று அதே அலுவலகத்தில் அதே சம்பளம் வாங்கலாம். ஆனால் அவன் கையில் விற்க வயலில்லை. சம்பளச்சீட்டில் தெரியாத சாதி, முன்பணம் கட்டும்போது தெரிந்துவிடுகிறது. பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று நடுத்தர வர்க்கம் பெருமையோடு சூட்டிக்கொண்ட அதே சொல், சேரிக்கு வசவானது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயரை நீக்கலாம், முன்பணத்தை யார் தருவது?

சீனாவிலும் கதை இப்படித்தான். வேலையிடமே வீடு ஒதுக்கித் தந்த முறை 1998இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் நகரத்து இளைஞர்கள் வீடு வாங்குவதற்கு இருபக்கப் பெற்றோர், தாத்தா பாட்டிகளின் சேமிப்பைக் கரைக்கவேண்டியதாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வீடு தரவேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. 2011இல் சீன உச்ச நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பின் ஒரு தரப்புப் பெற்றோர் வாங்கித் தங்கள் பிள்ளை பெயரில் பதிந்த வீடு அந்தப் பிள்ளைக்கே உரியது என்று விளக்கம் தந்தது. தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் தன் சம்பளத்தைக் கொட்டிய மனைவியின் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால், வீடு அவளுக்கில்லாமல் போகும் நிலை அப்போது ஏற்பட்டது.

நம்மூரில் நகையாகப் போனது செங்கல்லாக நிற்கிறது, பத்திரமோ பெரும்பாலும் ஆண் பெயரில். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று தமிழகம் 1989இலும் இந்தியா 2005இலும் சட்டம் செய்தன. 'நகை போட்டாச்சுல்லா, இன்னும் என்ன பங்கு?' என்ற ஒரு கேள்வியில் அந்தச் சட்டம் வாயடைத்துப் போகிறது. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கட்டணம் குறைந்தால் மட்டும் போதுமா? வீட்டில் யார் யார் பணம் இருக்கிறதோ, அவரவர் பெயர் பத்திரத்தில் ஏறவேண்டும். பால்காய்ச்சுக்குப் போகிற நாம் மொய் எழுதுவதோடு இதையும் கேட்டுவைக்கலாம்.