காலாங் ஆறும் சூழலியல்சார் நிலவமைப்புத் திட்டமிடலும்: ‘மீட்பு’ என்னும் சொல் குறித்து

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறாகிய காலாங், கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் ஓடுகின்றது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவினூடே செல்லும் அதன் பகுதி 2012ஆம் ஆண்டில் புதுவடிவம் பெற்றது. சூழலியல்சார் திட்டமிடலுக்குப் பலரும் இன்று சுட்டும் சான்று இதுவேயாகும். அங்கு நிகழ்ந்ததை ஆற்றின் ‘மீட்பு’ எனக் கூறுவதுண்டு. அச்சொல் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

1978 டிசம்பரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை பெய்து எழுவர் உயிரிழந்த நாடு இது. வெள்ளநீரை விரைந்து கடலுக்கு அனுப்புவதே அக்காலப் பொறியாளரின் முதற்கடமையாக இருந்தது. எனவே, நேராக்கப்பட்ட கான்கிரீட் கால்வாயை அறியாமையின் சின்னமாகக் கருதுவது வரலாற்று நோக்கன்று. மரினா அணைக்கட்டு 2008இல் நிறைவுற்றபின் காலாங் நீர் குடிநீர்த் தேக்கத்தைச் சென்றடையலாயிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே பொதுப் பயனீட்டுக் கழகம் ‘துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அகற்றவேண்டிய வெள்ளம், பேணவேண்டிய வளமாயிற்று.

2.7 கிலோமீட்டர் கால்வாய் உடைக்கப்பட்டு, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறு உருவாக்கப்பட்டது. 62 எக்டேர் பூங்காவின் தாழ்நிலம் வெள்ளச் சமவெளியாயிற்று. பெருமழையில் ஆறு புல்வெளிமேல் பரவும், மழை ஓய்ந்ததும் மக்கள் அங்கே உலாவுவர். கரையைக் காப்பவை செடிகளின் வேர்களும் கற்களும் ஆகும். ஐரோப்பாவில் வழங்கிய இம்முறை வெப்பமண்டல மழையைத் தாங்குமா என்னும் ஐயம் இயல்பானதே. ஆகவே, 2009இல் சிறு வடிகால் ஒன்றில் பத்து உத்திகள் முதலில் சோதிக்கப்பட்டன. இப்பொறுமையே இத்திட்டத்தில் நாம் பெரிதும் மதிக்கும் கூறு.

ஆயினும், இவ்வளைவுகள் நீரியல் கணக்கீட்டின் வழி வரையப்பட்டவை. நீர்நாய்கள் இங்கு வந்து வாழ்ந்தமை மெய்யே; பழைய நிலம் திரும்பவில்லை. பீஷான் என்பதே ‘பெக் சான்’ என்னும் இடுகாட்டுப் பெயரின் மாண்டரின் வடிவம். அவ்விடுகாடு 1980களில் அகற்றப்பட்டு அவ்விடத்தில் நகர் எழுந்தது. 1977 முதல் 1987 வரை நடைபெற்ற சிங்கப்பூர் ஆறு, காலாங் படுகைத் தூய்மைப் பணியில் பன்றி, வாத்துப் பண்ணையாளரும் தெருவோர வணிகரும் இடம்பெயர்க்கப்பட்டனர். ‘மீட்பு’ என்னும் சொல் இவர்களை வரலாற்றினின்று விலக்கிவிடுகின்றது. வகுப்பறைக் கட்டுரைகளிலும் இச்சொல் தயக்கமின்றி வழங்குவதை நாம் காண்கிறோம். ‘மறுவடிவமைப்பு’ என்பதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. உடைத்த கால்வாயின் கான்கிரீட் துண்டுகள் அப்பூங்காவிலேயே ஒரு சிறு குன்றாக அடுக்கப்பட்டுள்ளன.