வெள்ளை நரம்பின் வயசு



1986 ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. நிலவியல் மாணவர்கள் பதினோரு பேரை சார் தென்காசிக்கு மேற்கே ஒரு குன்றுக்குக் கூட்டிப் போனார். எங்கள் மனசெல்லாம் ஐந்தருவியில்.

அங்கே கறுப்பும் வெளுப்புமாய் வரியோடிய பாறை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு முழ அகலத்தில் ஒரு வெள்ளை நரம்பு. அதில் வெங்கச்சங்கல்லும் ஃபெல்ஸ்பாரும் கையகலக் காக்காப்பொன்னும் இருந்தன. இதற்குப் பெக்மடைட் என்று பெயர்.

"ஏலே, இதுல எது மூத்தது?" என்றார் சார்.

"நரம்புதான் சார். அதுதானே நரைச்சிருக்கு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சுவரு இல்லாம விரிசல் விழுமாலே? வெட்டுனது இளசு, வெட்டுப்பட்டது மூத்தது" என்றார் சார். நான் படித்த முதல் வரலாற்றுப் பாடம் அதுதான்.

பெக்மடைட் உருவாகும் விதத்தை சீசன் நேரத்துக் குற்றாலம் பஸ்ஸை வைத்து விளக்கினார். பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது, சாதாரணத் தனிமங்கள் படிகங்களில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். லித்தியமும் பெரிலியமும் ரொம்பச் சின்னது. சீசியம் ரொம்பப் பெரிசு. எந்த சீட்டும் பொருந்தாமல் நின்றுகொண்டே வந்து, கடைசி ஸ்டாப்பில் மிச்சக் குழம்போடு மொத்தமாய் இறங்கும். அப்படிச் சேர்ந்ததே அரிய உலோகப் பெக்மடைட். "ஆனா எல்லா நரம்புலயும் புதையல் இருக்காதுலே" என்றும் சொல்லி வைத்தார். நாங்கள் பார்த்தது அந்த வெறும் நரம்பு வகைதான்.

மெதுவாக ஆறினால்தான் பெரிய படிகம் வளரும் என்று அன்று படித்தோம். அந்தக் குழம்பில் உள்ள நீரும் போரானும் ஃபுளோரினும் அதை இளக்கிவிடுவதால், மெல்லிய நரம்புகளில் சீக்கிரமே பெரிய படிகம் வளர்ந்துவிடும் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

புதையல் உள்ள நரம்பும் தமிழ்நாட்டில் உண்டு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்னும் கடல்நீல மணிக்கல் பெக்மடைட்டில் கிடைத்தது. பெரில் இந்தியாவில் விளைவது, வேறிடங்களில் அபூர்வம் என்று ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்விலும் பெரில் கிடைத்தது. நம் முன்னோர் மணியாகக் கோத்த அதே வகைக் கல்லிலிருந்துதான் 1798-ல் பிரெஞ்சுக்காரர் வோக்லன் பெரிலியத்தைக் கண்டறிந்தார்.

சரி, வயசுக்கு வருவோம். யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டதில், கனடாவின் டாங்கோ சுமார் 264 கோடி ஆண்டு, ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுமார் 253 கோடி ஆண்டு என்று தெரிகிறது. கிரீன்புஷஸில் 1888-ல் வெள்ளீயம்தான் தோண்டினார்கள். இன்று அது உலகின் பெரிய லித்தியச் சுரங்கங்களில் ஒன்று. கண்டங்கள் மோதிச் சேர்ந்த காலங்களில்தான் இத்தகைய நரம்புகள் அதிகம் பிறந்தன.

நம்ம ஊர் அவற்றுக்குப் பேரன் முறை. கேரளத்து அச்சன்கோவிலிலிருந்து தென்காசிப் பக்கம் வரும் பிளவு வலயத்துப் பாறைகள், கோண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடைசியாக வெந்து உருகின. நரம்புகள் அதையொட்டியும் அதற்குப் பின்னும் வந்தவை.

போன வருஷம் அந்தக் குன்றைத் தேடிப் போனேன். குன்று இல்லை, ஜல்லியாகப் போய்விட்டது. தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருக்கிறது. எது எதை வெட்டியது என்று இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது.

என் மேஜையில் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருந்த காக்காப்பொன் துண்டுதான் மிச்சம். எடுத்த இடம், நாள், எந்தப் பாறையை வெட்டிய நரம்பு என்றெல்லாம் சார் கைப்பட எழுதிய சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. வயது என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். காக்காப்பொன்னில் உள்ள பொட்டாசியம் ஆர்கானாக மாறும் கணக்கை வைத்து அதை அளந்துவிடலாம்.

இந்தக் கூடுகையில் அதைத் துறை அலமாரியில் சேர்க்கிறேன். உங்கள் வீட்டிலும் சீட்டோடு கல் இருந்தால் கொண்டுவாருங்கள். தம்பி தங்கைகளே, அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது நீங்கள்தான்.