காக்கும் உறையும் அரிக்கும் உறையும்

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், தமக்குக் கிடைத்த பணிக்கொடையிலிருந்து என் தந்தை வெள்ளை நிறத்தில் ஒரு சிறிய கார் வாங்கினார். பதினான்கு ஆண்டுகள் அதை அவரே ஓட்டினார். ஞாயிறுதோறும் அவரே கழுவினார். அவர் மறைந்த பிறகு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரையுள்ள வாகன நிறுத்துமிடம் எங்களுக்கு இல்லை. திறந்த வெளியில் நிற்கப்போகும் காருக்கு நல்ல பாதுகாப்பு வேண்டும் என்று கருதி, கடையில் இருந்தவற்றிலேயே தடிமனான, ஒரு சொட்டு நீரும் புகாது என்று அச்சிடப்பட்டிருந்த கார் கவரை வாங்கினேன். செப்டம்பர் இறுதியில் காரைப் போர்த்திக் கட்டினேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில்தான் அவிழ்த்துப் பார்த்தேன்.

உறையின் உட்புறம் ஈரமாக இருந்தது. கதவுகளின் கீழ் விளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. இருக்கைகளில் பூஞ்சை பூத்திருந்தது. கூரையின் மீது உறையின் மடிப்புகள் மங்கலான கோடுகளாகப் பதிந்திருந்தன. டிங்கரிங் பட்டறை மேஸ்திரி ஒரு கொப்புளத்தை நகத்தால் சுரண்டினார்; அடியில் துரு. "மழையில சும்மா நின்னிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காது சார். மூடி வேக வெச்சிட்டீங்க" என்றார்.

அந்தச் சொல்லின் பொருளைத் தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கூரையில்லாத இடத்தில் காரை நிறுத்தும் நிலையில் இருக்கும் பலருக்கும் இது பயன்படக்கூடும்.

எதிலிருந்து காக்க வேண்டும்?

காரின் இரும்புத் தகட்டின் மீது முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு என அடுக்குகள் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். மேற்பூச்சு மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. உறை வாங்குவது இந்த மெல்லிய படலத்தைக் காப்பதற்காகவே.

இந்தப் படலத்தின் முதல் எதிரி சூரியனின் புற ஊதாக் கதிர். ஆண்டுக்கணக்கில் அது படும்போது மேற்பூச்சு பளபளப்பை இழந்து, வெளுத்து, இறுதியில் உரியத் தொடங்கும். அடுத்தது பறவை எச்சம். அதிலுள்ள யூரிக் அமிலம் வெயிலில் இளகிய மேற்பூச்சில் அரிப்புத் தழும்பை விட்டுச்செல்லும். மரத்தடியில் நிற்கும் கார்மீது அசுவினி போன்ற பூச்சிகளின் ஒட்டும் கசிவும் பிசினும் படியும். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு இருக்கிறது. உள் மாவட்டங்களில் புழுதி இருக்கிறது.

இந்தப் பட்டியலில் மழையை நான் சேர்க்கவில்லை. மழையில் நனைவதை எதிர்பார்த்துத்தான் கார் வடிவமைக்கப்படுகிறது. கதவுகளுக்குள் இறங்கும் நீர் வெளியேற அடிப்பகுதியில் வடிதுளைகள் இருக்கின்றன. மழை நின்றால் நீர் வடியும். காற்றும் வெயிலும் மீதியை உலர்த்திவிடும். காருக்குக் கேடு நனைவதால் வருவதைவிட, நனைந்தபின் உலராமல் கிடப்பதாலேயே அதிகம் வருகிறது. நான் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

நீர் புகாத துணியின் மறுபக்கம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். உப்பு கலந்த நீரில் அது இன்னும் விரைவாக நடக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் மிகுதி. காரின் அடியில் உள்ள தரையிலிருந்தும் ஈரம் ஆவியாகி மேலெழுகிறது. பகலில் உறைக்குள் சூடேறும் அந்த ஆவி, இரவில் குளிர்ந்த தகட்டின் மீது பனித்துளியாகப் படிகிறது. மறுநாள் மீண்டும் ஆவியாகிறது. இரவில் மீண்டும் படிகிறது. ஆவி வெளியேற வழியில்லாத உறைக்குள் இந்தச் சுழற்சி நாள்தோறும் நடக்கும். இட்லிக் குண்டானின் மூடியைத் திறக்கும் எவருக்கும் இது விளங்கும். மேஸ்திரி சொன்ன 'வேக வைத்தல்' அதுவே.

ஆகவே, வெளிப்புற உறையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நீர் உள்ளே புகுமா என்பதோடு முடிவதில்லை; உள்ளிருக்கும் ஆவி வெளியே போகுமா என்பதும் அதற்கு இணையான கேள்வி. முழு நீர்த்தடுப்பும் முழுக் காற்றோட்டமும் ஒரே துணியில் மலிவாகக் கிடைப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எதைக் கூட்டுவது என்பதை நம் ஊரின் தட்பவெப்பமே தீர்மானிக்க வேண்டும்.

துணிகளும் அவற்றின் குணங்களும்

பிவிசி, ரெக்சின் வகை உறைகள் நீரை முற்றிலும் தடுக்கும்; ஆவியையும் முற்றிலும் தடுக்கும். வெயிலில் சூடேறினால் பெயின்டோடு ஒட்டிக்கொண்டு தடம் பதிக்கும். நான் வாங்கியது இதுவே. கடலோரத்தில் நீண்ட நாள் நிற்கும் காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலியெஸ்டர் டஃபெட்டா நம் சந்தையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் நெய்த துணி. உள்ளே பாலியூரித்தேன் பூச்சும் வெளியே வெள்ளிநிறப் பூச்சும் கொண்டிருக்கும். பூச்சு தடிமனாக ஆக நீர்த்தடுப்பு கூடும், காற்றோட்டம் குறையும். '190டி' என்று குறிப்பிடப்படுவது ஒரு சதுர அங்குலத்தில் உள்ள இழைகளின் எண்ணிக்கையை. 'டெனியர்' என்பது 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதை. இரண்டும் நெசவின் நெருக்கத்தையும் நூலின் பருமனையும் காட்டுமேயன்றி, வெயிலில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் காட்டா.

நெய்யப்படாத பாலிப்ரோப்பிலீன், மூன்று அல்லது நான்கு அடுக்குகளாக ஒட்டிச் செய்யப்படுவது. மென்மையானது, ஆவியை வெளியே விடும். ஆனால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் கலக்கப்படாவிட்டால் கோடை வெயிலில் இழை நைந்து, தொட்டால் பொடியாக உதிரும். கையில் தூள் ஒட்டத் தொடங்கினால் அந்த உறையின் காலம் முடிந்தது என்று பொருள்.

பருத்தித் துணி பெயின்டுக்கு இதமானது; ஆனால் நீரைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். அது கூரையடியில் நிற்கும் காருக்கு உரியது. இழையிலேயே நிறமேற்றிய அக்ரிலிக் துணி வெயிலையும் நன்றாகத் தாங்கும், ஆவியையும் வெளியே விடும். விலைதான் பலருக்கு எட்டாது.

மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வெயிலும் புழுதியும் மிகுந்த ஊர்களில் வெள்ளிப் பூச்சுள்ள மெல்லிய பாலியெஸ்டர் பெரும்பாலும் போதும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும், உதகை போன்ற பனி சூழும் மலையூர்களிலும் காற்றோட்டத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

வாங்கும் முன் சில சோதனைகள்

கடைக்காரர் மாதிரித் துண்டு தந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். வெந்நீர் நிறைந்த தம்ளரின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிடியுங்கள். தட்டில் ஆவி படிந்தால் துணி மூச்சு விடுகிறது. பிறகு துணியைக் குழிவாகப் பிடித்து நீர் ஊற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அடியில் நீர் கசியும் வேகம் தெரியும். உட்புறத்தைப் பழைய குறுந்தகடு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது கார்மீதும் விழும்.

அளவும் முக்கியம். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தொளதொளப்பான உறை காற்றில் படபடக்கும். அடியில் சிக்கிய மணல் துகள்களோடு அது உப்புத்தாளைப் போலத் தேய்க்கும். உங்கள் காரின் மாடலுக்கென்றே தைத்ததாக, பக்கக் கண்ணாடிகளுக்குப் பையுள்ளதாக, கீழ் விளிம்பில் எலாஸ்டிக் உள்ளதாக, காரின் அடிவயிற்றைச் சுற்றிப் பூட்டும் பட்டை உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். தையலையும் பாருங்கள், நீர் முதலில் புகுவது ஊசித் துளைகளின் வழியாகத்தான்.

போர்த்தும் முறை

நல்ல உறையையும் தவறாகப் பயன்படுத்தலாம். அழுக்கான கார்மீதும் ஈரமான கார்மீதும் உறையைப் போடக் கூடாது. ஓட்டி வந்தவுடன் போடக் கூடாது. எஞ்சினும் சைலன்சரும் ஆறக் குறைந்தது அரை மணி நேரமாவது விட வேண்டும். நீண்ட நாள் நிற்கும் காரானால், மழை ஓய்ந்த நாளொன்றில் வாரம் ஒருமுறை அவிழ்த்துக் காற்றாட விட வேண்டும். திறக்கப்படாத உறை எலிகளுக்கு நல்ல வீடு. அவை எஞ்சின் அறையின் ஒயர்களைக் கடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

தீபாவளி இரவில் உறையை நீக்கிவிடுவது நல்லது. பாலியெஸ்டரும் பாலிப்ரோப்பிலீனும் எரியக்கூடியவை. வெடித்துச் சிதறும் ஒரு பொறி போதும், உருகிய துணி பெயின்டோடு ஒட்டிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பட்டைகளை இறுக்குங்கள்; இறுக்க முடியாத உறையைக் கழற்றிவிடுங்கள். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் சாய்ந்தவை போன்ற மரங்களுக்கு எந்த உறையும் தடையாகாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போலத் தண்ணீர் தேங்கும்போது உறையால் ஒரு பயனும் இல்லை. காரை மேட்டுக்குக் கொண்டு செல்வதே வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள்தோறும் ஓட்டும் காருக்கு உறையே தேவையில்லாமல் இருக்கலாம். புழுதி படிந்த கார்மீது தினமும் இரண்டு முறை துணியை இழுத்தால், வெயில் செய்வதைவிட விரைவாக நாமே கீறல்களை உண்டாக்கிவிடுவோம். அத்தகைய காருக்கு முன்கண்ணாடிக்கு ஒரு வெயில் தடுப்பு, எச்சம் பட்டவுடன் துடைக்கும் பழக்கம், வாரம் ஒரு கழுவல், சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகுப்பூச்சு ஆகியவை போதும்.

வாங்குவோரின் தவறு மட்டுமா?

நான் தவறாகத் தேர்ந்தெடுத்ததற்கு என் அறியாமையே முதற்காரணம். ஆனால், அன்று நான் வாங்கிய பெட்டியில் விலை இருந்தது, நீர் புகாது என்ற உறுதிமொழி இருந்தது. துணி எதனால் ஆனது, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம், ஆவியை வெளியே விடுமா, எவ்வளவு காலம் வெயிலைத் தாங்கும் என்பவை இல்லை. ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியில் இருக்கும் தகவல்கூட அதைவிட அதிகம். எந்தச் சூழலுக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதன்று என்று இரண்டு வரி அச்சிடுவது தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவாகாது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

என் தந்தை அந்தக் காருக்கு உறை வாங்கியதே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டபோது, "வாரா வாரம் கைபடுதேப்பா" என்றார். பதினான்கு ஆண்டு வெயிலில் கூரைப் பெயின்ட் மங்கியிருந்தது உண்மை. ஆனால் துரு இல்லை. நான்கே மாதங்களில் நான் வரவழைத்த துருவைச் சுரண்டி, தகடு வைத்து, மீண்டும் பெயின்ட் அடித்தாயிற்று. இப்போது மூச்சு விடும் மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை அதை அவிழ்த்து, கொடியில் உலரப் போட்டுவிட்டு, காரைக் கழுவுகிறேன்.