பென்ஷனும் ஊதியமும்

அரசு ஊழியர்களின் போராட்டப் பந்தல்களில் ‘பழைய ஓய்வூதியம்’ என்ற தொடர் ஓயாமல் ஒலிக்கிறது. தமிழக அரசில் 1.4.2003 முதலும், மத்திய அரசில் (படையினர் நீங்கலாக) 1.1.2004 முதலும் பணியில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் திட்டம் வந்த பிறகே, ஓய்வூதியத்துக்கு இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது.

பென்ஷனின் வேர் லத்தீன். ‘எடைபோடு’ என்ற வினை, உலோகத்தை நிறுத்துக் கொடுத்த வழக்கால் ‘பணம் செலுத்து’ என்றாயிற்று. ஆங்கிலத்தில் அது அரசன் தரும் மானியத்தையும் குறித்தது. சாமுவேல் ஜான்சன் தம் 1755-ஆம் ஆண்டு அகராதியில், தேசத் துரோகத்துக்கான கூலி என்று அதைக் குத்தலாக விளக்கினார். 1762-இல் அவருக்கே ஆண்டுக்கு 300 பவுண்டு பென்ஷன் வந்தது. வாங்கிக்கொண்டார்!

குறளில் ‘ஊதியம்’ என்றால் ஆதாயம், பயன். சம்பளம் என்பது பின்னால் வந்த பொருள். ஆகவே ‘ஓய்வூதியம்’ மானிய வாடையில்லாத நல்ல சொல். 1982-இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடையல்ல, உரிமை என்றது.

ஆனால் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையும் ஊர்வழக்கில் பென்ஷன்தான். களையெடுப்பிலிருந்து ஓய்வே பெறாத மூதாட்டிக்கு ஏது ஓய்வூதியம்? ‘உதவித்தொகை’ என்பதே அங்கே சரி.