லத்தீனுக்குள் ஒரு கோரை

பத்தமடைப் பாய்க் கோரையும் வயலில் களையாகப் பிடுங்கி எறியும் கோரையும் ஒண்ணுதான்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். பேரினம் ஒன்றுதான், சைபரஸ். இரண்டுக்கும் முப்பட்டைத் தண்டு. விரலில் உருட்டினால் தெரியும்.

களைக்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் சைபரஸ் ரொட்டண்டஸ். பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். வைத்தியத்தில் மட்டும் அந்தக் கிழங்குக்கு மரியாதை உண்டு.

பாய்க் கோரைக்கு 1773-இல் டென்மார்க்கின் ரொட்போல் வைத்தது சைபரஸ் பாங்கொரெய். சத்தமாகச் சொல்லிப் பாருங்க, நம்ம கோரை காதில் விழுதா? தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது.

இது தாமிரபரணிக் கரையின் செடி. தண்டைப் பிளந்து, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, இன்னும் மெல்லிசாகக் கிழித்து நூல் பாவில் கோர்ப்பவர்கள் பத்தமடை லெப்பைக் குடும்பங்கள், அதிலும் பெண்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் இந்த ஊருடையது. புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அகலப் பாயை மெஷின் நெய்துவிடும். நுணுக்கப் பாய்க்கு விரல்தான் வேண்டும். அந்த வேலைக்குப் பிள்ளைகள் இப்போ அவ்வளவாக உட்காருவதில்லை. ஆற்றங்கரைச் செடியாக இருந்தும், கரூர்ப் பக்கமிருந்து கோரை லாரியில் வருகிறது. களைக் கோரையை யாரும் எங்கிருந்தும் வரவழைக்க வேண்டியதில்லை.