பட்டமும் துறைத்தெரிவும்: மதுரைப் பல்கலைக்கழக மருத்துவப் பட்டதாரிகளும் அமெரிக்க உறைவிடப் பயிற்சியும்

முன்னுரை

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் அமைந்த நாகமலை புதுக்கோட்டையை அடுத்துள்ளது பல்கலை நகர். இன்று அங்கு இயங்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றியது. 1954இல் தொடங்கப்பெற்ற மதுரை மருத்துவக் கல்லூரியும் 1965இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அதனுடன் இணைவு பெற்றிருந்தன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988இல் செயல்படத் தொடங்கும்வரை இந்நிலை நீடித்தது. இப்பட்டத்துடன் அமெரிக்கா சென்றோர் அங்கு ‘அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரி’ என்னும் வகைக்குள் வைக்கப்பட்டனர். அவர்தம் சிறப்புத் துறையைத் தனிமனித விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை. தகுதித் தேர்வு, குடிநுழைவுச் சட்டம், காலியிடம் ஆகிய மூன்றும் அதனை வரையறுத்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வும் சட்டமும்

அயல்நாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு அமெரிக்காவில் 1958இல் தொடங்கிற்று. மருத்துவ அறிவோடு ஆங்கிலப் புலமையும் அதில் சோதிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் நாட்டினவாரி ஒதுக்கீட்டை நீக்கியதால் இந்தியருக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டமும் இயற்றப்பட்டது. அது மருத்துவமனைகளின் நோயாளர் எண்ணிக்கையைப் பெருக்கியதோடு, உறைவிடப் பயிற்சியின் செலவையும் ஏற்றது. ஆகவே மதுரைப் பட்டதாரிகளின் புறப்பாட்டைப் பொருள் நாட்டம் என்று மட்டும் சுருக்குதல் பொருந்தாது. அவர்களை அழைத்த தேவையும் உடன் நோக்கத்தக்கது.

இத்தேவை நிலைத்திருக்கவில்லை. மருத்துவர் பற்றாக்குறை நீங்கிவிட்டதாக அமெரிக்கப் பேரவை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவித்து, அயல்நாட்டு மருத்துவர்க்கு மேலும் கடினமான தேர்வொன்றை விதித்தது. பட்டமும் பாடத்திட்டமும் மாறாதிருக்க, அவற்றின் மதிப்பு மட்டும் மாறியது.

காலியிடமும் துறையும்

விண்ணப்பதாரரும் மருத்துவமனையும் தத்தம் விருப்ப வரிசையை அளிக்க, அவற்றை இணைத்து இடமளிக்கும் ‘மேட்ச்’ என்னும் பொருத்த முறை அமெரிக்காவில் 1952 முதல் உள்ளது. அயல்நாட்டுப் பட்டதாரிகள் பலர் இம்முறைக்கு வெளியே மருத்துவமனைகளுடன் நேரடியாக உடன்பட்டும் இடம்பெற்றனர். உள்நாட்டுப் பட்டதாரிகள் குறைவாக நாடிய மனநல மருத்துவம், நோயியல், மயக்கவியல், உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் ஆகியவற்றில் 1970களில் அயல்நாட்டினர் மிகுதியாகக் காணப்பட்டனர். மாநில மனநல மருத்துவமனைகள் பலவும் அவர்களை நம்பியே இயங்கின. ரோஸ்மேரி ஸ்டீவன்ஸ், லூயி குட்மன், ஸ்டீபன் மிக் ஆகியோர் இம்மருத்துவர்களைப் பற்றி எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. பிரித்தானியாவிலும் முதியோர் மருத்துவம் தெற்காசிய மருத்துவர்களால் வளர்ந்தது.

எனினும், கிடைத்த துறையில் அமர்ந்தோர் அனைவரும் விருப்பமின்றி உழன்றனர் என்பதும் மிகையே. புறக்கணிக்கப்பட்ட துறைகளைப் பலர் தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டனர். தெரிவின் எல்லையைப் பிறர் வகுத்தனர். அவ்வெல்லைக்குள் செய்த பணி அவர்களுடையது.

மதுரையின் எதிர்ச்சான்று

இதற்கு மாறான வரலாறும் மதுரையிலேயே உண்டு. மகப்பேறு மருத்துவராக விரும்பிய கோ. வெங்கடசாமி (1918–2006), கடுமையான முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின் கண் மருத்துவத்திற்கு மாறினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர்தம் தங்கை நாச்சியாரும் நாச்சியாரின் கணவர் நம்பெருமாள்சாமியும் அமெரிக்காவில் சிறப்புப் பயிற்சி பெற்று மதுரைக்குத் திரும்பி, இப்பணியில் ஈடுபட்டனர். இங்கும் முதல் விருப்பம் நிறைவேறவில்லை. ஆயின் துறையின் வளர்ச்சிக்கு அடிப்படையாக நின்றது அயல்நாட்டுக் காலியிடமன்று. கண்புரையால் பார்வையிழந்த இம்மண்ணின் மக்களது தேவை.

முடிவுரை

இன்று இவ்வுறவு தலைகீழாகவும் நிகழ்கிறது. அயல்நாடுகளில் மருத்துவம் பயின்று தமிழகம் திரும்புவோர், 2002 முதல் நடைபெறும் தகுதிகாண் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 பெறுதல் வேண்டும். அதன்பின் முதுநிலை நீட் தேர்வின் தரவரிசை அவர்தம் துறையை வரையறுக்கிறது. மேட்ச் முறையில் நேர்காணலுக்கும் இருதரப்பு விருப்பத்திற்கும் இடமுண்டு. இங்கு மதிப்பெண்ணே முதன்மை பெறுகிறது. ஒரு காலத்தில் மதுரைப் பட்டம் பிற நாட்டில் ‘அயல்’ எனப்பட்டது. இன்று மதுரைப் பிள்ளைகள் கொண்டுவரும் பட்டம் சொந்த ஊரிலேயே ‘அயல்’ ஆகிறது. தகுதியை அளத்தல் நோயாளர் நலனுக்கு இன்றியமையாதது. ஆயின் அவ்வளவுகோலைத் தகுதி மட்டுமன்றி, அவ்வக்காலத் தேவையும் வடிவமைத்துள்ளது என்பதை 1965, 1976 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் காட்டுகின்றன. மருத்துவர் புலம்பெயர்வை ஆராய்வோர், எத்தனை பேர் சென்றனர் என்பதோடு, எத்துறைகள் அவர்களுக்காக விடப்பட்டிருந்தன என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.